ஓடிபி எச்சரிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிரெடிட் கார்டு மோசடி பற்றிய செய்திகள் பெரும்பாலும் “ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த எச்சரிக்கை அவசியம்தான். ஆனால் பணம் போன பிறகு வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை என்ன, அது எத்தனை நாளில் கைநழுவும் என்பதையும் மக்கள் அறிய வேண்டும். ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு வாரம் கழிப்பவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் எங்கோ கார்டு விவரம் கசிந்து பணம் போயிருக்கிறது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்பவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேல் வரம்புள்ள கார்டுக்கு 25,000 ரூபாயும் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிவரும். 7 வேலை நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான் முடிவு. எஸ்எம்எஸ் வந்த நாளும், கிளையின் விடுமுறை நாள்களும் இந்தக் கணக்கில் சேராது. இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளியன்று தகவல் வந்தால், இடையில் வேறு விடுமுறை இல்லாதபோது புதன்கிழமைதான் மூன்றாம் நாள். அதற்காகப் புதன்வரை காத்திருக்கக் கூடாது. பணம் கைமாறும் வேகம் வேறு.

முதலில் வங்கிச் செயலியில் கார்டை முடக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. உடனே இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். திருடிய பணம் கூலிக்குப் பிடித்த கணக்குகள் வழியாகச் சில நிமிடங்களில் கைமாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அதற்குள் தகவல் கிடைத்தால்தான் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க முடியும். தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண், கார்டின் கடைசி 4 இலக்கங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். 1930-இல் சொல்லியாகிவிட்டது, காவல்துறை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறார்கள். மூன்று நாள் கணக்கு வங்கியிடம் புகார் செய்வதற்கு உரியது. எனவே வங்கியின் 24 மணி நேர எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நேரில் போனால் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குப் பின்னாளில் சாட்சி இருக்காது.

“ஓடிபி பதிவாகியிருக்கிறது, எனவே பொறுப்பு உங்களுடையது” என்று வங்கி பதில் எழுதலாம். அதோடு சோர்ந்துவிட வேண்டாம். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் கடமை வங்கிக்கு உரியது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அவரே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், புகார் பதிவான பிறகு போகும் தொகை வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர் பொறுப்பல்லாத தொகையைப் புகார் வந்த 10 வேலை நாளுக்குள் தற்காலிகமாகத் திரும்ப வரவு வைக்கவும், 90 நாளுக்குள் புகாரை முடிக்கவும் விதி உண்டு. 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கிடையே, தகராறில் இல்லாத பில் தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தினால் தாமதக் கட்டணமும் கெட்டுப்போன கடன் மதிப்பெண்ணும்தான் மிஞ்சும்.

யாரிடமும் ஓடிபி சொல்லாமலே பணம் போகும் வழிகளும் உண்டு. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதி மாதம், பின்புறமுள்ள சிவிவி என்ற ரகசிய எண் ஆகிய மூன்றும் இருந்தாலே போதும். இதற்கான தடுப்பு நம் கையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொட்டுச் செலுத்துதல் ஒவ்வொன்றையும் வங்கிச் செயலியில் தனித்தனியே அணைத்துவைக்கலாம், வரம்பும் வைக்கலாம். பிள்ளைகள் ஏதோ ஒரு சந்தாவுக்காக வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் யாரும் அதை மூடுவதில்லை. தொட்டுச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு வழி, வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு. அதை நிறுவி எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டால், ஓடிபியை அதுவே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். நிறுவிவிட்டீர்கள் என்றால் போனின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து கார்டை முடக்குங்கள். திடீரென்று சிக்னல் போய், மணிக்கணக்கில் வராவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். உங்கள் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கியிருக்கக்கூடும்.

அடையாளத் திருட்டு மெதுவாகத்தான் தெரியவரும். நம் பான், ஆதார் நகலை வைத்து யாரோ வாங்கிய கடன், வசூல்காரர் போன் செய்யும்போதுதான் வெளிப்படும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணித்ததாகிவிடும். அறிக்கையில் கடன் பட்டியலோடு, யார் யார் உங்கள் விவரத்தைக் கேட்டார்கள் என்ற பகுதியையும் பாருங்கள். விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் அதுவே முதல் அறிகுறி. உடனே அந்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டிருக்கிறது.

ஆதார் நகல் கேட்கும் விடுதிக்கும் கடைக்கும், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைக் கொடுத்தால் போதும். ஆதார் ஆணைய இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் அங்கே உண்டு.

மோசடிச் செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும் 1930 என்ற எண்ணையும், “வங்கிக்கு 3 வேலை நாளுக்குள் எழுத்தில் புகார்” என்ற வரியையும் பெட்டிச் செய்தியாகத் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
தஞ்சாவூர்.