வியன்னாவில் இருக்கும் மகளுக்கு

அறந்தாங்கி
30.10.2022

அன்புள்ள தாயி,

இங்கே நானும் அம்மாவும் நலம். தீபாவளிக்கு நீ இல்லாத குறை ஒன்றுதான். அம்மா அதிரசம் சுட்டாள். உனக்கென்று எடுத்து வைத்தது டப்பாவில் அப்படியே இருக்கிறது, அந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிட வழி தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "கிளாஸ்ல எல்லாரும் சவுதி ரஷ்யா பக்கம் சாய்ஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. நீங்க இருபத்தி நாலு வருஷம் அங்க இருந்தவர், நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்றாய். லைன் வேறு விட்டு விட்டு வந்தது. சரி, உட்கார்ந்து எழுதியே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துத் தெருவிலேயே எண்ணெய் விற்கிற நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கட்டிடம் இருக்கிறது, நடந்து போகும்போது பார்ப்பேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயேதான் நிற்கிறது. சவுதியில் ஜுபைலில் நான் பைப் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க வியன்னா என்றால் எங்களுக்கு அந்த ஒரு கட்டிடம்தான். மந்திரிகள் கூடுகிற நாளில் ஃபோர்மேன்கள் எல்லாரும் மெஸ் டிவி முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். அரபிச் செய்தி எங்களுக்குப் பாதிதான் புரியும். ஆனால் கீழே ஓடுகிற எண்களைப் பார்த்தே யார் முகம் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

இந்த மாதம் 5ஆம் தேதி அங்கே எடுத்த முடிவு உனக்கே தெரியும். ஒபெக் நாடுகளும் ரஷ்யா முதலான கூட்டாளிகளும் நவம்பரிலிருந்து எண்ணெய் எடுப்பதை நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பது. கொரோனா வந்த பிறகு நேரில் கூடிய முதல் கூட்டம் அது. ரஷ்யத் துணைப் பிரதமர் நோவாக் வந்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்கா அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஜூலையில்தான் பைடன் ஜித்தாவுக்குப் போய் இளவரசர் முகமது பின் சல்மானோடு முஷ்டியை முட்டிவிட்டு வந்தார். அதிபர் தேர்தலுக்கு முன்னால் சவுதியை ஒதுக்கி வைப்பேன் என்று பேசியவர், எண்ணெய் விலை ஏறியதும் அவர்கள் வாசலுக்கே போனார். போய் மூன்று மாதத்துக்குள் இந்த முடிவு வந்தது. நவம்பர் 8ல் அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல். கோபம் வராமல் எப்படி இருக்கும்? "இதற்கு விளைவுகள் இருக்கும்" என்றார். சவுதி வெளியுறவு அமைச்சகமும் விடவில்லை. முடிவை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி அமெரிக்கா கேட்டது என்று அறிக்கை விட்டு ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

உன் வகுப்பில் சொல்கிறவர்கள் இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறார்கள். விலை இறங்காமல் நின்றால் ரஷ்யாவுக்கும் லாபம்தான். அந்தப் பணம் உக்ரைன் மேல் விழுகிற குண்டுக்கும் போகிறது. அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் சவுதிக்காரர்கள் புதினுக்காக இதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் பயந்து செய்தார்கள். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நான் கூடவே இருந்து பார்த்தவன்.

2014 நவம்பர் 27ஆம் தேதி நீ இருக்கிற வியன்னாவில்தான் ஒபெக் கூட்டம். ஜூனில் 115 டாலருக்குப் போன பீப்பாய் 80க்கும் கீழே சரிந்திருந்தது. எல்லாரும் குறைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். சவுதி எண்ணெய் மந்திரி அலி அல் நைமி மாட்டேன் என்றுவிட்டார். நாம் குறைத்தால் அந்த இடத்தை அமெரிக்காவில் பாறையை உடைத்து எடுக்கிற ஷேல் எண்ணெய்க்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், அதிகச் செலவில் எடுக்கிறவர்கள்தான் முதலில் ஒதுங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருக்குப் பழைய அனுபவம் ஒன்றும் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் விலையைத் தாங்கிப் பிடிக்க சவுதி ஒரு கோடி பீப்பாய் பக்கம் எடுத்துக்கொண்டிருந்ததைக் குறைத்துக் குறைத்து 1985ல் முப்பது லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தது. மற்ற நாடுகள் ஒப்புக்கொண்ட அளவை மீறி விற்றுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சவுதியும் குழாயைத் திறந்துவிட, 1986ல் விலை 10 டாலருக்கு விழுந்தது. தான் மட்டும் குறைத்தால் ஏமாந்துபோவோம் என்பது அவர்கள் மனசில் பதிந்துபோன பாடம்.

அதனால் 2014ல் குறைக்கவில்லை. 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே. 2015 ஒரே வருடத்தில் சவுதி அரசுக்குப் பட்ஜெட்டில் விழுந்த துண்டு 9,800 கோடி டாலர். காண்டிராக்டர்களுக்கு அரசு தரவேண்டிய பணம் நின்றது. மந்திரிகள் சம்பளத்திலேயே 20 சதவீதம் வெட்டினார்கள்.

எங்கள் கேம்ப்பில் அது எப்படி வந்தது தெரியுமா? முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் மெஸ்ஸில் வாரம் மூன்று நாள் போட்ட கோழி ஒரு நாளானது. புது லைன் போடுகிற வேலை ஹோல்டில் வைத்தார்கள். வெட்டி அளந்து மார்க் பண்ணி வைத்த பைப்புகள் யார்டில் அப்படியே வெயிலில் கிடந்தன. தினமும் அதைக் கடந்து போவோம், தொடச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு சம்பளம் நின்றது, ஏழு மாதம். கம்பெனி இக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்காததால் கேம்ப் வாசலைத் தாண்டவே பயம். ரூமில் நாங்கள் ஆறு பேர். அதில் ஒரு நேபாளிப் பையன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ராத்திரியில் போர்வைக்குள் அழுவான். எல்லாருக்கும் கேட்கும், யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். அந்த வருடம் ஜித்தா பக்கத்துக் கேம்ப்களில் நம் ஆட்களுக்குத் தூதரகம் சாப்பாடு போடுகிற நிலைமை வந்து டெல்லியிலிருந்து மந்திரியே புறப்பட்டுப் போனார். 

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அது நீ காலேஜில் சேர்ந்த வருடம். வேண்டுதல் என்று சொல்லி அம்மா மஞ்சள் கயிறு போட்டிருந்தாளே, அது வேண்டுதல் இல்லை. தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் உன் முதல் வருட ஃபீஸ் கட்டினாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது நீ இவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாய், தெரிந்துகொள்வதில் தப்பில்லை. அவளிடம் கேட்டுவிடாதே.

2016 நவம்பர் 30, மறுபடியும் வியன்னாவில் ஒபெக் கூட்டம். எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குறைக்க ஒத்துக்கொண்டார்கள், நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாய். பத்து நாளில் ரஷ்யாவும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். இன்றைக்கு ஒபெக் பிளஸ் என்கிறார்களே, அது அங்கே பிறந்ததுதான். அந்த வாரம் எனக்கு நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிற எக்சிட் விசா அடித்தாகிவிட்டது. விலை 50 டாலரைத் தாண்டியது என்ற செய்தியை மெஸ் டிவியில் பார்த்தேன். ரூமில் ஒருவன் கைதட்டினான். அந்தப் பணம் எங்கள் கம்பெனி வரை வந்து சேரவே இல்லை. ஏழு மாதச் சம்பளமும் இருபத்தி நாலு வருட செட்டில்மென்ட்டும் இன்றுவரை பாக்கிதான்.

அதனால்தான் சொல்கிறேன், சவுதி ரஷ்யாவோடு கை கோத்தது 2022ல் இல்லை. 2016ல் முட்டுச் சந்தில் நின்றபோது கோத்த கை அது. தனியாகக் குறைத்தால் ஏமாறுவோம், குறைக்காவிட்டால் கஜானா காலி. ரஷ்யாவையும் இழுத்து வைத்தால்தான் குறைப்புக்கு மதிப்பு. இந்த வருடமும் ஜூனில் 120க்கு மேல் போன விலை செப்டம்பர் கடைசியில் 85க்குக் கீழே இறங்கியதும் அவர்களுக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்திருக்கும். இன்னொன்றையும் கவனி. 20 லட்சம் என்பது தாளில் உள்ள எண். நைஜீரியா, அங்கோலா எல்லாம் தங்கள் பங்கையே எடுக்க முடியாமல் கிடக்கிறார்கள். உண்மையில் குறைவது அதில் பாதி அளவுதான் என்கிறார்கள்.

இது முழுக்கப் பொருளாதார முடிவு, அரசியலே இல்லை என்று சவுதி சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஒரு மாதம் பொறுத்திருந்தால் அவர்கள் பட்ஜெட் கவிழ்ந்திருக்காது. எங்களுக்கு நீ ஆணையிட முடியாது என்று காட்ட வேண்டியிருந்தது, காட்டினார்கள்.

ஆனால் அமெரிக்காவின் கோபத்தை நினைத்தால் 2020 கண்முன் வருகிறது. மார்ச்சில் ரஷ்யா குறைக்க மறுத்தது, சவுதி கோபத்தில் எண்ணெயைக் கொட்டியது. ஏப்ரல் 20ல் அமெரிக்காவில் ஒரு பீப்பாயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் போனது. அதற்கு முன்பே டிரம்ப் தானே ரியாத்துக்கும் மாஸ்கோவுக்கும் போன் போட்டுப் பேசி, குறையுங்கள் குறையுங்கள் என்று கேட்டார். 97 லட்சம் பீப்பாய், சரித்திரத்திலேயே பெரிய குறைப்பு. மெக்சிகோ தன் பங்கைக் குறைக்க மறுத்தபோது மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுகூடச் சொன்னார். டெக்சாஸ் கம்பெனிகள் மூழ்கும்போது குறைப்பு தேவைப்பட்டது. தேர்தல் நேரத்தில் அதே குறைப்பு துரோகமாகிவிட்டது. இந்தக் குறைக்கிற வித்தையே அங்கே ஆரம்பித்ததுதான். 1931ல் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் பெருகி விலை சில சென்ட்டுக்கு விழுந்தபோது, கிணறுகளை மூட கவர்னர் மாநிலப் படையை அனுப்பினார். அதன் பிறகு யார் எவ்வளவு எடுக்கலாம் என்று அங்கே பல வருடம் தீர்மானித்தது டெக்சாஸ் ரயில்வே கமிஷன், பெயர்தான் ரயில்வே, எண்ணெயும் அதன் கையில்தான் இருந்தது. வெனிசுவேலாவின் பெரெஸ் அல்போன்சோ அதைப் படித்துவிட்டுத்தான் 1960ல் பாக்தாத்தில் ஒபெக்கைத் தொடங்குவதில் முன்னால் நின்றார். இதை வகுப்பில் சொல்லு.

எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. அந்த மேஜையில் விற்கிறவர்கள் மட்டும்தான் உட்காருகிறார்கள். வாங்குகிற ஏழை நாட்டுக்கு நாற்காலி இல்லை. நமக்கு எதிர்க்கரையில் இலங்கை இந்த வருடம் பட்ட பாட்டைப் பார்த்தாய். கடன், வரிச் சலுகை, உரத் தடை என்று அங்கே சொந்தத் தப்பு நிறைய. ஆனால் கையில் டாலர் தீர்ந்த நேரத்தில்தான் எண்ணெய் 120ல் நின்றது. பெட்ரோல் வரிசையில் நின்றபடியே மனிதர்கள் செத்துப்போனார்கள். தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் வகுப்பில் வாஷிங்டன், ரியாத், மாஸ்கோ என்று பேசும்போது அவர்களையும் யாராவது ஒருவர் பேச வேண்டும். நீ பேசு.

நம் ஊரிலும் பெட்ரோல் பங்கில் எல்லாரும் அரபுக்காரனைத் திட்டுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, இந்த 2022 மே மாதத்திலிருந்து சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. கச்சா எண்ணெய் 120ல் இருந்தபோதும் அதுதான், 85க்கு வந்தபோதும் அதுதான். எண்ணெய் சரிந்த அந்த மலிவுக் காலத்தில், 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள், டெல்லி கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. அப்போதும் நம் வண்டிக்கு மலிவு முழுசாக வந்து சேரவில்லை. இப்போது ரஷ்யா எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்குகிறோம், போன வருடம் நூற்றுக்கு இரண்டு பக்கம்தான், இப்போது ஐந்தில் ஒரு பங்கு பக்கம் வந்துவிட்டது. வாங்குவது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உக்ரைனை நினைத்தால் சரி என்று சொல்லவும் வரவில்லை. இதில் உன் கருத்தை எழுது, நான் படிக்கிறேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். கேஸ் விலை ஏறிவிட்டது என்று ஹீட்டரை அணைத்துவிட்டு உட்காராதே. அந்தக் காசை நான் அனுப்புகிறேன், அம்மாவிடம் மூச்சு விடாதே. அப்புறம் ஒரு சின்ன ஆசை. ஒரு நாள் வெளிச்சம் இருக்கும்போது அந்தக் கட்டிடத்து வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இத்தனை வருடம் டிவியில் மட்டும் பார்த்த வாசல். கட்டிடம் முழுசாக விழாவிட்டாலும் பரவாயில்லை, உன் முகம் நன்றாகத் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா