ஊமை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பின் மீது பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன மாணவர்கள் ஆங்கிலம் கற்கும் முறை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலுமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்தும் வாய் திறந்து நான்கு வாக்கியம் பேச முடியாத நிலையைச் சீனர்களே ‘யாபா யிங்யூ’, அதாவது ஊமை ஆங்கிலம் என்று கேலி செய்வதைக் கட்டுரையாளர் சரியாகவே எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் அந்த ஊமைத்தனத்துக்கு இலக்கணப் பயிற்சியும் மொழிபெயர்ப்புமே காரணம் என்றும், அவற்றைக் கைவிட்டு உரையாடலுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நாஞ்சிங் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான்கு ஆண்டுகளில், ஆய்வகத்தில் என்னோடு இருந்த இளையவர்கள் சிலருடன் மாலை வேளைகளில் அமர்ந்து, அவர்களுடைய ஆங்கிலத் தேர்வுத்தாள்களை வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் மொழிபெயர்க்காமல், விடையை மட்டும் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதே அவர்களுடைய குறையாக எனக்குத் தெரிந்தது.

முதலில் தேர்வுத்தாளையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் ‘காவ்காவ்’ என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண்களில் அயல்மொழிக்கு 150. ஜப்பானியம், ரஷ்யம் முதலியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலமே. பல மாகாணங்களில் இப்போது பயன்படும் தேசியத் தாளில் கேட்டல் பகுதிக்கு 30, வாசிப்புக்கு 50, இடைவெளி நிரப்பலுக்கும் இலக்கணத்துக்கும் சேர்த்து 30, எழுதுதலுக்கு 40 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு மதிப்பெண் கூட இல்லை. ஷாங்காய் தனியே நடத்தும் தாளில் சீன வாக்கியங்களை ஆங்கிலமாக்கும் கேள்வி உண்டு. தேசியத் தாள் எழுதும் மாணவருக்கோ அந்த வேலை இல்லை. ஒரு வாக்கியத்தைக்கூட மொழிபெயர்க்காமல் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு வெளியே வருகிறவருடைய ஊமைத்தனத்துக்கு மொழிபெயர்ப்பு எப்படிப் பொறுப்பாகும் என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு அவர்களைத் தேடி வருவது பல்கலைக்கழகத்தில்தான். 1987-இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைத் தாளில் முன்பெல்லாம் ஆங்கில வாக்கியத்தில் விடுபட்ட ஒரு துண்டை மட்டும் மொழிபெயர்த்து நிரப்பினால் போதும். 2013 டிசம்பரிலிருந்து 140 முதல் 160 எழுத்துகள் கொண்ட முழுச் சீனப் பத்தியை அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தேநீர், பண்டிகை, உயர்வேக ரயில் என்று சீனப் பண்பாடும் சமுதாயமும் சார்ந்த பொருள்களே அதில் வரும். ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு என்பதோ முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் வருகிறது. அதன் முதல் வகை ஆங்கிலத் தாளில் சுமார் 400 சொற்கள் உள்ள கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதில் அடிக்கோடிட்ட 5 வாக்கியங்களைச் சீனத்தில் எழுதச் சொல்கிறார்கள். மொத்தம் 10 மதிப்பெண்தான். இருபது வயதைத் தாண்டிய பிறகு, பத்து மதிப்பெண்ணுக்காக, முதன்முறையாக ஒருவர் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியத்தைத் தாய்மொழியில் முழுவதுமாகச் சொல்லிப் பார்க்கிறார்!

எங்கள் ஆய்வகத்தில் இளநிலைத் திட்டப்பணி செய்துகொண்டிருந்த ஒரு மாணவர், என்னை ‘ஷிஷியோங்’ என்று, அதாவது ஒரே ஆசிரியரிடம் தமக்கு முன்னே பயில வந்த அண்ணன் என்ற பொருளில் அழைப்பவர், அந்த முதுநிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை வாசிப்புப் பகுதி ஒன்றின் ஐந்து கேள்விகளுக்கும் சரியான விடை குறித்து மகிழ்ச்சியோடு காட்டினார். நான் தாளை மூடி வைத்துவிட்டு, “இதை எழுதியவர் என்னதான் சொல்ல வருகிறார், சீனத்திலேயே சொல்லுங்கள்” என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டார். அவர் கையாண்ட முறை பயிற்சி நூல்கள் எல்லாவற்றிலும் உள்ள முறைதான்: முதலில் கேள்வியைப் படி, அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியின் சொற்களுக்கு நெருக்கமான வேறு சொற்கள் எந்த விடையில் இருக்கின்றனவோ அதைக் குறி. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, படித்ததாகத்தான் ஆகவில்லை.

அதே பகுதியிலிருந்து மூன்று வரி நீளமுள்ள ஒரு வாக்கியத்தைச் சீனத்தில் எழுதும்படி கேட்டேன். சொற்கள் அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தன. இருந்தும் அவர் எழுதியதை அவராலேயே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இதன் காரணம் தமிழருக்கு எளிதில் விளங்கும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘ஸ்வோதியென் மாய் த ஷு’ என்பார்கள்: நேற்று, வாங்கு, பிறகு நம்முடைய பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்யும் ‘த’, கடைசியில் புத்தகம். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் சீனம் ஆங்கிலத்தோடு ஒத்துப்போனாலும், பெயருக்கு உரிய விளக்கத்தை முன்னால் வைப்பதில் நம்மோடு நிற்கிறது. ஆங்கிலமோ பெயரைச் சொல்லிவிட்டு விளக்கத்தை ‘விச்’, ‘தட்’ என்று பின்னால் வாலாக நீட்டுகிறது. வாலுக்கு ஒரு வால், அதற்கும் ஒரு வால் என்று போகும். அந்த மூன்று வால்களையும் ஒரே பெயருக்கு முன்னால் அடுக்கினால் சீன வாக்கியமும் மூச்சுத் திணறும், தமிழ் வாக்கியமும் மூச்சுத் திணறும்.

இத்தகையவற்றை அவர்கள் ‘நீண்ட கடின வாக்கியம்’ என்றே பெயரிட்டுத் தனிப் பாடமாகப் பயில்கிறார்கள். அன்று நாங்கள் பென்சிலால் ஒவ்வொரு ‘விச்’சுக்கும் முன்னால் ஒரு கோடு போட்டு வாக்கியத்தைத் துண்டாக்கினோம். முதன்மை வினைச்சொல் மூன்றாம் வரியின் நடுவில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த பின், ஒரே ஆங்கில வாக்கியத்தை மூன்று சிறு சீன வாக்கியங்களாக அவர் எழுதினார். எழுதி முடித்ததும், அந்தப் பகுதியை எழுதியவர் தாம் சொல்லும் கருத்தை ஏற்கவில்லை, பிறர் கருத்தாக எடுத்துச் சொல்லிப் பின்னால் மறுக்கப்போகிறார் என்று மாணவர் தாமாகவே கண்டுகொண்டார். அது வாசிப்பா, இலக்கணமா, மொழிபெயர்ப்பா என்று என்னைக் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. தேர்வுத்தாள்தான் அவற்றைத் தனித்தனி வினா வகைகளாக்கி வைத்திருக்கிறது.

இலக்கணப் பயிற்சியிலும் இதே கதைதான். காவ்காவ் தாளில் ஏறத்தாழ 200 சொற்கள் கொண்ட பத்தியில் 10 இடங்களை நிரப்பச் சொல்கிறார்கள். சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் வினைச்சொல்லைக் கொடுத்து, உரிய வடிவத்துக்கு மாற்றச் சொல்வார்கள். பத்துக்குப் பத்து வாங்குபவர்கள் ஏராளம். ஆனால் அதே மாணவர் சீனப் பத்தியை ஆங்கிலமாக்க உட்காரும்போது, செயப்பாட்டு வினை வர வேண்டிய இடத்தில் மூல வினையை அப்படியே எழுதிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சீனத்தில் வினைச்சொல் எந்தக் காலத்துக்காகவும் எண்ணுக்காகவும் உருமாறுவதில்லை. ‘ஷின் ஷியெ ஹாவ் ல’ என்றால், கடிதம் எழுதியாயிற்று. கடிதம் எழுதுமா, எழுதப்படுமா என்று சீனரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. அடைப்புக்குறி கண்ணெதிரே இருந்தால் ‘இங்கே ஏதோ மாற்ற வேண்டும்’ என்ற எச்சரிக்கை கிடைக்கிறது. சீன வாக்கியம் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. எனவே இலக்கணத்தை உண்மையில் சோதிப்பது சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதையே என்பது என் கருத்து.

‘அவன்’, ‘அவள்’ குழப்பமும் அப்படித்தான். இரண்டையும் சீனர்கள் ‘தா’ என்றே உச்சரிக்கிறார்கள், எழுத்தில்தான் வேறுபாடு. அந்த எழுத்து வேறுபாடும் பழையதன்று, ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெயர்க்கும்போது ஏற்பட்ட தேவையால் 1920 வாக்கில் கவிஞர் லியூ பன்னொங் போன்றவர்கள் பரப்பியது. ஆங்கிலம் நன்கு அறிந்த சீனரும் பேச்சு வேகத்தில் தம் மனைவியை ‘ஹீ’ என்று சொல்லிவிடுவதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

மொழிபெயர்ப்பை மதிப்பதற்குச் சீனாவுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கில வாசகமே செல்லுபடியாகும் என்று 1858-ஆம் ஆண்டின் தியென்ஜின் உடன்படிக்கையில் பிரிட்டன் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு, தமக்கென மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் காரியம் ஆகாது என்று உணர்ந்த, அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு, 1862-இல் பெய்ஜிங்கில் ‘தொங்வென் குவான்’ என்ற மொழிப்பள்ளியைத் தொடங்கி முதலில் ஆங்கிலத்தைக் கற்பித்தது. ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியின் நூலை 1898-இல் சீனத்தில் வெளியிட்ட யென் ஃபூ, மொழிபெயர்ப்பின் மூன்று இடர்ப்பாடுகளாக ‘சின், தா, யா’ என்று, அதாவது மூலத்துக்கு உண்மையாயிருத்தல், பொருள் சென்று சேர்தல், நடை நயம் என்று எழுதிவைத்தார். இன்றும் சீனாவில் மொழிபெயர்ப்பு பற்றிய பேச்சில் இந்த மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. வகுப்பில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் இந்த மூன்றில் நடுவிலுள்ள ‘தா’வை, அதாவது பொருள் சென்று சேர்தலை மட்டுமாவது வாசிப்புப் பயிற்சியில் கடைப்பிடித்திருந்தால் நம் மாணவர் தாளை மூடியதும் விழித்திருக்க மாட்டார்.

இனி நாங்கள் கையாண்ட முறையைச் சொல்கிறேன். படித்து விடை குறித்த பகுதியிலிருந்து மூன்று வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றை அன்றே சீனத்தில் எழுதி, மூல நூலை மூடிவிட வேண்டும். மறுநாள் காலை, ஆங்கில மூலத்தைப் பாராமல் சீனத்திலிருந்து திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். விடுபட்ட ‘தி’, மறந்துபோன ‘எஸ்’, ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டுச் சீன வழக்கப்படி நடுவில் சேர்த்த ‘பட்’ எல்லாம் தாமாகவே கண்ணில் படும். சீன மாணவர்கள் பலரும் தவறுகளைத் தொகுத்து எழுத ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதில் கேள்வியும் சரியான விடையெழுத்துமே இருக்கும். நம் மாணவர் அதில் இடப்பக்கம் தம் ஆங்கிலத்தையும் வலப்பக்கம் மூலத்தையும் எழுதத் தொடங்கினார். நாளுக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் நான் அனுமதிக்கவில்லை. பத்து வாக்கியம் என்று தொடங்குபவர்கள் நான்காம் நாள் நிறுத்திவிடுவார்கள். அகர வரிசைச் சொற்பட்டியலைக் கையில் எடுத்து, அதன் தொடக்கத்தில் நிற்கும் ‘அபாண்டன்’ என்ற சொல்லோடு பலர் கைவிட்டுவிடுவதைப் பற்றிச் சீன மாணவர்களிடையே ஒரு நகைச்சுவையே உண்டு.

கைபேசிச் செயலி நொடியில் பெயர்த்துத் தரும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளியது: தாமாக எழுதிய பிறகு செயலியின் வடிவத்தையும் மூன்றாவதாக ஒப்பிடட்டும், எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டாம்.

இதனால் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்குப் பேச்சுதான் பயிற்சி; அந்த அளவில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். ஆனால் பல்கலைக்கழக வளாகங்களில் ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காகக் கூடும் ‘ஆங்கில மூலை’ என்னும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். பெயர், ஊர், பொழுதுபோக்கு என்ற மூன்றும் முடிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. சொல்ல ஒரு கருத்தும் அதைத் தாங்க ஒரு வாக்கிய அமைப்பும் கையில் இல்லாதவரை எத்தனை மூலைகளில் நிறுத்தினாலும் அவர் நான்காவது வாக்கியத்துக்குப் போகமாட்டார்.

இத்தொடரின் அடுத்த பகுதியில் தேர்வுத்தாள் திருத்தும் முறையைப் பற்றி எழுதவிருப்பதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். கல்லூரித் தேர்வில் மொழிபெயர்ப்புப் பத்தியை ஒட்டுமொத்தமாகப் படித்து 15-க்கு மதிப்பெண் இடுகிறார்கள். முதுநிலை நுழைவுத் தேர்விலோ ஒவ்வொரு வாக்கியத்தையும் துண்டுகளாகப் பிரித்து அரை அரை மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். இரண்டாவது முறை மாணவரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தூண்டுகிறது என்பது நான் நேரில் கண்டது. நன்றாகச் சீனத்தில் எழுதிய வாக்கியத்தைத் துண்டு கணக்குக்குப் பயந்து நம் மாணவரே இரண்டு முறை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். அடுத்த பகுதியில் இதையும் கட்டுரையாளர் விசாரித்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்