வசதிக்காக நகர்த்தக் கூடாத நாட்கள்

ஆண்டு விடுமுறைப் பட்டியலைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். படைவீரர்களுக்கான நாளைச் சனி, ஞாயிறோடு சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் வசதி என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். தயவுசெய்து ஏற்காதீர்கள். அமெரிக்கா அதைச் செய்து பார்த்துவிட்டது.

1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. அந்தத் தேதியைத்தான் 1954 முதல் அமெரிக்கா, படையில் பணியாற்றிய எல்லோருக்குமான நாளாகக் கடைப்பிடித்து வந்தது. 1971-இல், மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கட்டும் என்று அக்டோபர் மாத நான்காம் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் எதிர்த்தன. பல மாநிலங்கள் பழைய தேதியை விடவில்லை. 1978-இல் நவம்பர் 11 திரும்பி வந்தது. இப்போது அது புதன்கிழமை வந்தாலும் புதன்கிழமைதான்.

போரில் இறந்தவர்களுக்கான நாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மே 30 என்றிருந்தது, அதே 1971-இல் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை ஆனது. இன்றும் அப்படியே. கோடைச் சுற்றுலா, கடைத் தள்ளுபடி என்று அந்த நாள் கரைந்து போனது. பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடமாவது அவர்களை நினையுங்கள் என்று கேட்க 2000-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இறந்தவர்களின் நாளையும் உயிரோடு திரும்பியவர்களின் நாளையும் கலக்காதீர்கள். துக்க நாளில் வாழ்த்துச் சொன்னால் அந்த வீரர் என்ன பதில் சொல்வார்? அவர் மனம் திரும்பி வராத தோழனிடம் இருக்கும். நெதர்லாந்தில் மே 4 இரவு 8 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம். விடுதலைக் கொண்டாட்டம் மறுநாள்தான்.

அப்புறம், விடுமுறை விட்டால்தான் மரியாதை என்றும் இல்லை. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அது பொது விடுமுறை கிடையாது. அன்று சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நாம் போடும் காசு முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும், உயிர் கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். தேதி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பட்டியலில் 'விடுமுறை' என்பதோடு, அது யாருக்கான நாள் என்று ஒரு வரி சேருங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளிகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மேடையும் மாலையும் வேண்டாம். முன்னாள் வீரர் ஒருவர் பிள்ளைகளோடு உட்காரட்டும், அவர்கள் கேட்பதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

அன்புடன்,
ஒரு குடிமகள்