பச்சைப் பட்டு, பத்து ரூபாய்

செல்லூர், மதுரை
வைகாசி 6

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "அப்பத்தா கடைசியா என்னப்பா சொன்னாங்க?" என்று. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

அவள் கடைசியாகக் கேட்டது, "என் பல்செட்டு எங்கடா?" அன்றைக்கு ராத்திரி டூட்டிக்கு வந்த நர்ஸ் பெண் நன்றாகச் சிரித்துப் பேசினாள். அவளிடம் பொக்கை வாயோடு பதில் பேச அப்பத்தாவுக்கு மனசில்லை. நான் தேடியெடுத்துக் கழுவிக்கொண்டு வருவதற்குள் தூங்கிப் போயிருந்தாள். விடிவதற்கு முன்னால் முடிந்துவிட்டது. அவ்வளவுதான், வேறு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

தாயத்தில் அவள் செய்த கள்ளாட்டம் உனக்கே தெரியும். கட்டையை உருட்டுகிற சாக்கில் முந்தானையை இழுத்துவிட்டுக் காயை ஒரு கட்டம் தள்ளிவிடுவாள். ஏழு வயதில் நீ கையும் களவுமாகப் பிடித்தபோது, "கண்ணு மங்கிருச்சுடி, எந்தக் கட்டமுன்னே தெரியல" என்றாளே. நாற்பது வருஷம் நெசவுக்கு நூலை ராட்டையில் தாராகச் சுற்றிய கண் அது. இழை அறுந்தால் திண்ணையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அப்புறம் அந்தத் தண்ணித் துப்பாக்கி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ராமராயர் மண்டபத்துக்கு வரும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள் இல்லையா, கூட்டத்தில் முட்டி மோத முடியவில்லை என்று சொல்லி, எழுபது வயதுக்கு மேல் புதுமண்டபப் பக்கம் போய் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தாள். அழகர் மேல் எத்தனை சொட்டு விழுந்ததோ, பேங்க்குக்குக் கிளம்பி நின்ற என் மேல் நிறைய விழுந்தது. ஆடிட் நாள் வேறு.

அவளுக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் வருஷா வருஷம் பந்தயம் உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்பதுதான் பந்தயம். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கையில் எது வருகிறதோ அதைத்தான் உடுத்துவார்கள். பச்சை வந்தால் மழையும் விளைச்சலும், சிவப்பு வந்தால் ஊருக்கு ஆகாது என்பது நம் ஊர்ப் பேச்சு. அநேகமாகப் பச்சைதான் வரும். அதனால் பங்குனி பிறந்ததுமே அப்பத்தா முந்திக்கொண்டு பச்சையைப் பிடித்துவிடுவாள். எதிர்வீட்டம்மாவுக்கு மிச்ச நிறமெல்லாம். 2020லும் 2021லும் கொரோனாவால் அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. பந்தயம் செல்லாது என்று அந்த அம்மா சொன்னதற்கு, "பெட்டிக்குள்ள பச்சைதாண்டி இருக்கும், எடுக்கத்தான் ஆளில்ல" என்று இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வசூல் பண்ணிவிட்டாள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த அப்பத்தா. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

உன் தாத்தா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு முப்பத்து நாலு. வருஷம் திரும்புவதற்குள் திண்ணையில் மறுபடியும் தாயம் தொடங்கிவிட்டது. தார் சுற்றி முடித்த பெண்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். சொந்தக்காரர்கள் என் காது படவே பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டேவிட்டான், "உங்கம்மாவுக்கு என்னடா அவ்வளவு சந்தோஷம்?"

அன்றைக்குச் சாயந்திரம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "ஊரே காறித் துப்புது. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இரும்மா."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டிருந்த கட்டத்தை நாலு பக்கமும் தேய்த்துத் துடைத்தாள். தாயக்கட்டைகளை அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள், வெந்தயத்துக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு வீட்டில் ராட்டைச் சத்தம் மட்டும்தான். சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். நான் கேட்டதுதான் கிடைத்தது. ஆனால் பாப்பா, அந்த வீட்டுக்குள் என்னால் உட்கார முடியவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். நூல் வாங்கி வரச் சொல்லி சாயப்பட்டறைக்கு அனுப்பினாள். அங்கே கால் வழுக்கி, ஆறிக்கிடந்த தொட்டி ஒன்றுக்குள் விழுந்தேன். பச்சைச் சாயம். அரைக்கால் டவுசருக்குக் கீழே இரண்டு காலும் கிளிப்பச்சையாக வாசலில் வந்து நின்றேன். அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ராட்டைப் பக்கம் திரும்பிவிட்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள்!

"சிரிச்சுத் தொலைம்மா" என்றேன். எனக்கு அழுகையாக வந்தது.

அவ்வளவுதான், தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "ஏ, எல்லாரும் ஓடியாங்க! எங்க வீட்ல அழகரு இறங்கிட்டாரு, பச்சைப் பட்டு!"

பத்து நாளைக்குக் கால் அந்த நிறத்திலேயே இருந்தது. மறுநாள் காலையிலேயே திண்ணையில் கட்டம் போட்டாயிற்று. அவளுடைய பச்சைப் பந்தயம் அதற்கு முன்பே இருந்ததா, அதிலிருந்துதான் தொடங்கியதா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் துக்க வீடு, ஆற்றுக்குப் போகவில்லை. டிவியில்தான் பார்த்தோம். பச்சைதான். வெயில் ஏறுவதற்குள் எதிர்வீட்டம்மா வந்தாள். பத்து ரூபாய் நோட்டை அப்பத்தா படத்துக்கு முன்னால் வைத்து, "இந்தா, பிடி. செத்தும் விடமாட்டேங்கிற" என்றாள். அப்புறம் காபியைக்கூடத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பத்து ரூபாயை வரவு வைக்கலாமே என்று அவளுடைய கணக்கு நோட்டைத் தேடியெடுத்தேன். தாயத்தில் தோற்றவர்கள் பாக்கியெல்லாம் ஆள்வாரியாக எழுதியிருக்கிறாள், அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில். என் பேரில் 86 ரூபாய். உன் அம்மா பேரில் 12, அதுவும் அடித்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உன் பேர். 340. பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறாள்: "டாலரா ரூவாயா, கேக்கணும்."

நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். லீவு கிடைத்ததும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா