டூல் விளக்கத்தை மாடலுக்காக எழுதுங்கள்: பிரௌசர் ஏஜென்ட் டெவலப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரௌசர் ஏஜென்ட்டுகளுக்காக எம்சிபி சர்வர் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பிரௌசர் ஏஜென்ட் என்பது பயனருக்காக பிரௌசரில் வேலை பார்க்கும் ஏஐ, அதற்கு மூளை ஒரு மொழி மாடல். கிளிக், டைப் போன்ற டூல்களை எம்சிபி என்ற நெறிமுறை வழியாக அந்த மாடலுக்குக் கொடுப்பது உங்கள் சர்வர். ஆனால் நீங்கள் எழுதும் கோடில் ஒரு வரியைக்கூட மாடல் பார்ப்பதில்லை. டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற ஸ்கீமா, அவ்வளவுதான் அதன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் முன்பின் பார்த்திராத ஒரு தளத்தில், யாரோ ஒருவருடைய லாகினில், அவருடைய காசில் அது வேலை பார்க்கப் போகிறது. அப்படியிருக்க, கிளிக் டூலுக்கு 'எலிமென்ட்டைக் கிளிக் செய்யும்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். அதைத்தான் பெயரே சொல்லிவிட்டதே!

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபியை வெளியிட்ட பிறகு டூல் சேர்ப்பது ரொம்பச் சுலபமாகிவிட்டது. அதன் பைத்தான் எஸ்டிகே-யில் (டெவலப்பர்களுக்கான கருவித்தொகுப்பு) ஃபங்ஷனின் தொடக்க வரிக்குக் கீழே எழுதும் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கே விளக்கமாகப் போய்விடும். வசதிதான், ஆனால் சக டெவலப்பருக்காக எழுதிய அரைவரி அப்படியே மாடலுக்கும் போய்ச் சேருகிறது. சக டெவலப்பர் சந்தேகம் வந்தால் கோடைத் திறந்து பார்ப்பார். மாடலுக்கு அந்த வழி கிடையாது, ஊகித்துக்கொள்ளும்.

ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டைப் டூலைப் பாருங்கள். 'கொடுத்த எழுத்தை உள்ளிடும்' என்று விளக்கம் இருக்கிறது. வாங்கும் பக்கத்தில் எண்ணிக்கைப் பெட்டியில் ஏற்கெனவே 1 இருக்கிறது, பயனருக்கு 2 வேண்டும். பிரௌசரைக் கோடு மூலம் இயக்கும் பிளேரைட்டின் ஃபில் முறையை வைத்து எழுதியிருந்தால் பழையது அழிந்து 2 வரும். விசையை ஒவ்வொன்றாகத் தட்டும் முறையை வைத்து எழுதியிருந்தால் பழையது அங்கேயே இருக்கும், கர்சர் நிற்கும் இடத்தைப் பொறுத்து 12 ஆகும், 21 கூட ஆகும். எந்த எர்ரரும் வராது, ஏஜென்ட் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். 'பெட்டியில் இருப்பதை அழிக்காது. மாற்ற வேண்டுமானால் முதலில் காலி செய்யவும்' என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

நன்றாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் எம்சிபி-யில் ஸ்கிரீன்ஷாட் டூலின் விளக்கம், இந்தப் படத்தை வைத்து எதையும் கிளிக் செய்ய முடியாது, அதற்கு ஸ்னாப்ஷாட் டூலை (பக்கத்தின் அமைப்பை எழுத்தாகத் தருவது) பயன்படுத்து என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். ஒரு டூல் என்ன செய்யும் என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறோம், எப்போது அதைத் தொடக்கூடாது, அப்போது எதை எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு டூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விடாதீர்கள்.

டூல் தரும் தகவல் எவ்வளவு நேரம் செல்லும் என்ற ஆயுசு விஷயமும் அப்படித்தான். ஸ்னாப்ஷாட்டில் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் ஒரு குறியீடு வரும், பக்கம் மாறியதும் அது செல்லாது. இதை விளக்கத்தில் எழுதுங்கள், எர்ரர் செய்தியிலும் எழுதுங்கள். எர்ரர் செய்தியும் மாடல் படிக்கும் விளக்கம்தான். வெறுமனே 'டைம்அவுட்' என்று வந்தால் மாடல் அதே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். 'குக்கீ அனுமதிப் பெட்டி பட்டனை மறைக்கிறது, அதை மூடிவிட்டுப் புதிய ஸ்னாப்ஷாட் எடுக்கவும்' என்று வந்தால் அடுத்த அடி தானே சரியாக விழும்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. டூல் விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலின் கான்டெக்ஸ்ட்டில், அதாவது அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில், இடம் பிடிக்கும், 40 டூலுக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதினால் வேலை செய்யவேண்டிய பக்கத்துக்கே இடம் குறையும். 'சக்திவாய்ந்த', 'எளிதான' போன்ற விளம்பர வார்த்தைகளை முதலில் தூக்குங்கள். அப்புறம் ஒரு விளக்கத்தை மாற்றினால் அதே வேலையைத் திரும்ப ஓட்டி, மாடல் எந்த டூலை எடுத்தது, என்ன உள்ளீடு கொடுத்தது என்று லாகில் பாருங்கள். கோடை மாற்றினால் டெஸ்ட் ஓட்டாமல் வெளியிடுவீர்களா?

கடைசியாக, பணம் கட்டுவது, அழிப்பது, அனுப்புவது. இவற்றின் விளக்கத்தில் 'இதைத் திரும்பப் பெற முடியாது, பயனரிடம் கேட்ட பிறகே அழைக்கவும்' என்று கட்டாயம் இருக்க வேண்டும். எம்சிபி-யில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று குறிக்கும் வசதியும் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள்தான். நம்பகமான சர்வரிலிருந்து வராத குறிப்பை நம்பக்கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. அதனால் விளக்கத்தில் எழுதியாயிற்று என்று விட்டுவிடாமல், பயனர் 'சரி' என்று அழுத்தாமல் பணம் போகாதபடி கோடிலேயே தடுத்து வையுங்கள்.