வேலை செய்யாத ஆப்டேன் மாட்யூல் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சர்வருடன் சேர்த்து விற்ற 128 ஜிபி ஆப்டேன் மெமரி மாட்யூல் இயங்காதது

ஐயா,

வணக்கம். போன மாதம் உங்களிடம் இன்டெலின் ஜியான் சில்வர் 4210 சிபியு போட்ட பழைய சர்வர் ஒன்றும், அதற்கென்றே டிடிஆர்4 ராம் ஸ்லாட்டில் செருகும், கரன்ட் போனாலும் தரவைத் தக்கவைக்கக்கூடிய இன்டெலின் ஆப்டேன் பர்சிஸ்டன்ட் மெமரி மாட்யூல் ஒன்றும் ஒரே பில்லில் வாங்கினேன். இந்த சர்வரில் ஓடுமா என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேட்டேன். "டிடிஆர்4 ஸ்லாட்தானே சார், தாராளமா ஓடும்" என்று பதில் வந்தது.

ஸ்லாட்டில் என்னவோ கச்சிதமாகத்தான் உட்காருகிறது. ஆன் செய்தால் பயாஸ் (மிஷினை எழுப்பும் மென்பொருள்) மெமரி பிழை காட்டி நின்றுவிடுகிறது. கழற்றினால் ஒழுங்காக எழுகிறது. ஸ்லாட் மாற்றி, பயாஸைப் புதுப்பித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். அப்புறம்தான் இன்டெலின் விவரப் பக்கத்தைப் பார்த்தேன். 4210 இந்த மெமரியை ஏற்பதே இல்லை. இதே தலைமுறை சில்வரில் 4215 ஏற்கும். ஸ்லாட் ஒன்றானாலும் மாட்யூலுடன் பேசும் முறை வேறு, அது சிபியுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் டெக்னீஷியனைக் கேட்டால், "மெமரி மோடில் போடுங்க" என்கிறார், அதாவது மாட்யூலைச் சாதாரண ராம் போல ஓட்டும் முறை. பூட்டே ஆகாத மிஷினில் எந்த மோடைப் போடுவது? அது கிடக்கட்டும். மெமரி மோடில் கரன்ட் போனால் உள்ளே இருப்பதும் சாதாரண ராம் போலவே போய்விடும். நான் இதை வாங்கியதே கரன்ட் போனாலும் தரவு நிற்க வேண்டும் என்றுதான். வீட்டு சர்வரில் நான்கு ஹார்டு டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஓடுகிறது. என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் மற்ற மிஷின்களிலிருந்து, வரும் தரவு டிஸ்க்கில் இறங்கிய பிறகே அடுத்தது வரும் என்பதால் ஆமை வேகம். கடைசிச் சில நொடிகளின் தரவை இந்த மாட்யூலில் தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு, கரன்ட் போனாலும் தரவை வைத்திருக்கும் ஆப் டைரக்ட் மோடுதான் வேண்டும்.

பெட்டி பிரித்த பொருளை வாங்கமாட்டோம் என்கிறீர்கள். பிரிக்காமல் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆப்டேனைக் கைவிடுவதாக இன்டெல் 2022-லேயே சொல்லிவிட்டது. இதை நான் வேறு யார் தலையில் கட்டுவது?

சிபியுவை 4215 ஆக மாற்றித் தாருங்கள், நியாயமான விலை வித்தியாசத்தைக் கொடுக்கிறேன். முடியாதென்றால் மாட்யூலின் முழுப் பணமும் திரும்ப வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில், வாட்ஸ்அப் உரையாடல், பயாஸ் திரையின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்