சாந்திக்கு, அந்த கயாக்க முதல்ல கீழ இறக்கு

சாந்தி,

எப்படி இருக்க. முட்டி வலி தேவலையா, பெரியவன் போன் பண்றானா, மாடித் தக்காளி காய்ச்சுதா, எல்லாத்துக்கும் பதில் எழுது, ஆனா மெதுவா எழுது, அவசரமில்ல. நான் இவ்ளோ நாள் எழுதாததுக்கு நீ திட்டணும்னா அதையும் அந்த லெட்டர்லயே சேத்து திட்டிடு. இப்ப நான் உக்காந்து எழுதுறதுக்கு காரணம் நேத்து ராத்திரி நீ வாட்ஸ்அப்ல போட்ட போட்டோ. பாத்ததும் ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் வயித்துல புளி. ஒகேனக்கல்ல பரிசல்ல ஏற மாட்டேன்னு கரையிலயே உக்காந்து எல்லாருக்கும் வாங்குன மீனையும் தனியா தின்னு தீத்தவ, இன்னைக்கு சொந்தமா ஒரு கயாக், அதான் உக்காந்து துடுப்பு போடுற குட்டிப் படகு, வாங்கிருக்கா! வசந்தாகிட்ட சொன்னேன், அவ நம்பல, வாடகைக்கு எடுத்து போட்டோ புடிச்சிருப்பாங்குறா.

சரி, சந்தோஷம் எல்லாம் இருக்கட்டும். அந்த கயாக்கோட முன்னாடி ஹேண்டில்ல ஒரு நைலான் கயிறு, பின்னாடி ஹேண்டில்ல ஒரு நைலான் கயிறு, ரெண்டையும் கார் ஷெட்டு தகர ஷீட்டுக்கு கீழ இருக்குற கம்பில கட்டி அந்தரத்துல தொங்க விட்டிருக்கியே, அது யாரோட ஐடியா? உன் நாத்தனார் பையனா? இன்ஜினியர்னு சொல்வியே, அவன்தானா? கீழ இடம் அடைக்காம அழகா இருக்குன்னு வேற எழுதிருக்க. அழகாத்தான் இருக்கு, ஆனா கத்திரி முடியறதுக்குள்ள அது வாழப்பழம் மாதிரி வளஞ்சிடும்டீ.

ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி. உன் வீட்டு மொட்டமாடில கருப்பா தண்ணி டேங்க் இருக்குல்ல, கயாக்கும் அதே ஜாதிதான். பாலிஎத்திலீன் தூள ஒரு அச்சுக்குள்ள போட்டு, அச்ச மூடி, அடுப்புல வச்சு எல்லா பக்கமும் சுத்த விடுவாங்க, தூள் உருகி உள்பக்கம் பூரா ஒரே மாதிரி ஒட்டிக்கும், ஆறுனதும் கழட்டுனா ஒரே பீஸ், ஒட்டு கிடையாது. டேங்கும் அப்படித்தான், நீ வாங்குனதும் அப்படித்தான். இப்ப யோசிச்சு பாரு, டேங்க் வைக்க வர்ற பிளம்பர் என்ன சொல்வாரு? அடில முழுசா சமமா தளம் இருக்கணும்மா, ரெண்டு கட்டைய போட்டு அதுமேல தூக்கி வைக்காதீங்கன்னுதானே? வச்சா நடுவுல அடி தொங்கிடும். ஒரே நாள்ல தொங்காது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு பாத்தா தொங்கிருக்கும். அதேதான் இங்கயும். இந்த பிளாஸ்டிக் உருகணும்னா 120, 130 டிகிரி வேணும், கோயம்புத்தூர்ல 38 டிகிரிதானே, அதுக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு நீ கேப்ப. உருகவே வேணாம். ஒரே இடத்துல ஒரே பாரம் நாள் கணக்கா அழுத்துனா சாதாரண சூட்டுலயே இது மெல்ல மெல்ல அந்த பக்கமா நகந்துட்டே இருக்கும், சூடு ஏற ஏற வேகமா நகரும். தகர ஷீட்டுக்கு அடில மத்தியானம் ரெண்டு மணிக்கு நீயே போய் ஒரு நிமிஷம் நின்னு பாரு. நம்மளால நிக்க முடியல, அது ராவும் பகலும் தொங்குது, பாவம்.

ஹேண்டில் இருக்குறது கார்லேந்து கரைக்கு தூக்கிட்டு போறதுக்கு. அந்த பத்து நிமிஷத்துக்குத்தான் அது. உன்னோடது பத்தடி, 25 கிலோ பக்கம் இருக்கும், அந்த வெயிட்ட ரெண்டு நுனில மட்டும் புடிச்சா நடு உடம்பு கீழ வரும், நுனி ரெண்டும் மேல தூக்கும். அப்புறம் தண்ணில இறக்குனா நேரா போகாது, நீ துடுப்பு போடப் போட மூக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அலையும். உடனே நீ எனக்கு தான் சரியா போடத் தெரியலன்னு நினைச்சுக்குவ, அதுதான் எனக்கு கோவமே.

அதனால இன்னைக்கே இறக்கிடு. இறக்கி எங்க வைக்கறதுன்னா, படிக்கட்டுக்கு அடில இடம் இருக்குமே, அங்க ஒருக்களிச்சு படுக்க வை. மேல் தட்டும் அடிப்பக்கமும் சேர்ற அந்த விளிம்புதான் அதுல ரொம்ப கெட்டியான இடம், பாரத்த அது தாங்கட்டும். வெறும் சிமெண்ட் தரைல வேணாம், பழைய யோகா மேட்ட மடிச்சு ரெண்டு இடத்துல போட்டு, முதுக சுவத்துல சாய்ச்சு வை. ரெண்டு இடம்னா எங்கன்னா, நீளத்த மூணா பிரிச்சுக்கோ, முன்னாடிலேந்து ஒரு பங்கு தள்ளி ஒண்ணு, பின்னாடிலேந்து ஒரு பங்கு தள்ளி ஒண்ணு. இல்ல எனக்கு தொங்கத்தான் விடணும், தரைல கார் நிக்கணும்னா, நாடா கட்டிலுக்கு போடுற அகல நாடா வாங்கி அதே ரெண்டு இடத்துல வயித்துக்கு அடில தொட்டில் கட்டு, ஆனா தகரத்துக்கு கீழ மட்டும் வேணாம். கயிறு வேணவே வேணாம், கயிறு மெலிசு, அறுத்துக்கிட்டு உள்ள போயிடும். வெல்டிங் பட்டறைல எல் ஆங்கிள் அடிச்சு சுவத்துல மாட்டறதா இருந்தா, ஏசி பைப்புக்கு சுத்துவாங்களே கருப்பா ஃபோம் குழாய், அத வாங்கி ஆங்கிள் மேல மாட்டிடு, மீட்டர் கணக்குல கிடைக்கும், விலையும் கம்மி. மாசத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்தி போடு, அவ்ளோதான்.

தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாத. நல்லது பண்றதா நினைச்சு நிறைய பேர் அதத்தான் பண்றாங்க, வெயில்ல தார்ப்பாய் ஒட்டிக்கிட்டு சூட்ட உள்ளயே வச்சுக்கும், ஈரமும் போகாது. ஆனா வெயில் நேரா படவும் கூடாது, கலர் வெளுத்து பிளாஸ்டிக் வறண்டு போயிடும், ஒரு நாள் கல்லுல இடிச்சா விரிசல் விடும். நிழல், காத்து, ரெண்டும் இருந்தா போதும். அப்புறம் பின்னாடி சின்னதா ஒரு திருகு மூடி இருக்கு பாரு, தண்ணி வடியறதுக்கு, அத வீட்ல இருக்கும்போது திறந்தே வை. உள்ள அடைபட்ட காத்து சூடாகி விரிஞ்சா உடம்ப உப்ப வைக்கும், வெயில்ல கிடந்தத அப்படியே குளிர்ந்த தண்ணில இறக்குனா உள்காத்து சுருங்கி அடிப்பக்கத்த உள்ள இழுக்கும். வீட்ல திறந்து வச்சு, நிழல்ல ஆற விட்டு இறக்குனா இந்த வம்பே இல்ல. ஓட்டைல கொசுவலைத் துணி கட்டிடு, இல்லன்னா குளவி கூடு கட்டும், நான் சும்மா சொல்லல, கோவளத்துல பக்கத்து வீட்டு பையன் துடுப்பு போட உக்காந்தான், அவன் எந்திரிச்சு ஓடுன வேகத்துக்கு துடுப்பே தேவைப்படல. தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி அந்த மூடிய திருகி மூடணும்னு உனக்கு நான் சொல்ல வேணாம். வேணும், சொல்றேன். மூடு.

இங்க கோவளத்துல ஒரு பெரியவர் இருக்காரு, சின்ன வயசுல கட்டுமரம் ஓட்டுனவரு, இப்ப அவர் பசங்க எல்லாம் ஃபைபர் படகு ஓட்டுறாங்க. கட்டுமரத்துக்கு இந்த தொல்லையே இல்லையாம், கரைக்கு வந்ததும் கட்ட அவுத்து மரத்த தனித்தனியா மணல்ல காய போட்டுடுவாங்க, மறுநாள் திரும்ப கட்டிக்குவாங்க. ஃபைபர் வளையாது, அடிபட்டா உடையும், ஒட்டிக்கலாம். உன்னோடது உடையவும் உடையாது, பாற மேல இழுத்தாலும் கீறலோட போகும், ஆனா சும்மா வச்ச இடத்துல வளையும்னு சொன்னதும் அவருக்கு ஒரே சிரிப்பு.

இனி ஆலப்புழ பயணம். மே கடைசில போறோம்னு எழுதிருக்க. வேகன் ஆர் மேல பத்தடி கயாக், நீளம் பிரச்சனை இல்ல, காரே அத விட நீளம். ஆனா மேல குறுக்கு கம்பி போட்டுட்டியா? போடாம வெறும் கூரை மேல வச்சு ஜன்னல் வழியா கயிறு விட்டு கட்டறதா ஏதாவது பிளான் இருந்தா அதுக்கும் அந்த நாத்தனார் பையன்தான் காரணமா இருப்பான், அவன் பேச்ச கேக்காத. கம்பி ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி விட முடியுமோ விட்டு போட சொல்லு, கூரை எத்தன கிலோ தாங்கும்னு கார் புக்குல இருக்கும், பாத்துக்கோ. கம்பிக்கு அதே ஏசி ஃபோம். கயாக்க குப்புற கவுத்து வை, அடிப்பக்கம் வானத்த பாக்கணும். நேரா வச்சா அகலமான மெத்துன அடிப்பக்கம் கம்பில உக்காந்து ரெண்டு பள்ளம் விழும், மழை பேஞ்சா உள்ள தண்ணி வேற சேந்து கூடுதல் பாரம். ஏத்தும்போது தனியா தூக்கி இடுப்ப ஒடச்சுக்காத, கார் பின்பக்கம் அந்த யோகா மேட்ட விரிச்சு மூக்க மட்டும் அது மேல சாய்ச்சு வச்சுட்டு, பின்னாடி போய் வால தூக்கி தள்ளு, வழுக்கிட்டு மேல போயிடும்.

இப்ப முக்கியமான இடம், கட்டறது. லாரிக்காரங்க வச்சிருப்பாங்களே, டிக் டிக்னு நெம்பி இறுக்குற ராட்செட் பெல்ட், அத தொடாத. அது இரும்பு கம்பி கட்டு கட்டறதுக்கு. நெம்ப நெம்ப இறுகும், எங்க நிறுத்தணும்னு கைக்கு தெரியாது, பிளாஸ்டிக் சத்தமே போடாம உள்ள போகும். எங்க தெருவுல ஒருத்தருக்கு ஒரு பார்சல் லாரில கயாக் வந்துச்சு, அந்த பெல்ட்ட போட்டு இறுக்கி மேல மூட்டைய வேற அடுக்கிருக்காங்க, இறக்கும்போதே இடுப்பு ஒடுங்கி வந்துச்சு. உனக்கு வேண்டியது கேம் பக்கிள் பெல்ட், கையால இழுத்தா நிக்கும், கட்டைவிரலால அமுக்குனா விடும். கயாக்குக்கு மேல போட்டு, குறுக்கு கம்பிக்கு அடில சுத்தி கொண்டு வந்து, கையால இழுக்கற வரைக்கும் இழு, போதும். கார் மேல கால வச்சு உதைச்சுகிட்டு இழுக்க வேணாம். சரியா கட்டிருக்கான்னு எப்படி தெரியும்னா, கயாக்க புடிச்சு ஆட்டு, கார் சேந்து ஆடணும், கயாக் மட்டும் தனியா ஆடுனா லூசு. பெல்ட்ட ஒரு முறுக்கு முறுக்கி விட்டு கட்டு, இல்லன்னா எண்பதுல போகும்போது ஒரு சத்தம் வரும் பாரு, ஊய்ய்ய்னு, திருச்சூர் வரைக்கும் கேட்டா பைத்தியம் புடிக்கும்.

முன்னாடி நுனிலேந்து பம்பருக்கு ஒரு கயிறு, பின்னாடியும் ஒண்ணு. பாலக்காட்டு கணவாய்ல காத்து எப்படி அடிக்கும்னு கோயம்புத்தூர்க்காரிக்கு நான் சொல்லணுமா, உடுமல பக்கம் பூரா காத்தாலை நட்டு வச்சிருக்கறது அதுக்குத்தானே. வாளையார் தாண்டுனதும் பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளும், லாரி தாண்டும்போது இன்னொரு தள்ளு. அந்த நுனிக் கயிறு கயாக் மேல எழும்பாம இருக்கறதுக்கு மட்டும், கீழ இழுக்கறதுக்கு இல்ல. நல்லா இழுத்து கட்டிடலாம்னு ரெண்டு நுனியையும் கீழ இழுத்தா குறுக்கு கம்பி மேல வச்சு நீயே அத வளைக்கற மாதிரி ஆயிடும். தொய்வு இல்லாம இருந்தா போதும்.

வாளையார்ல நிறுத்தி ஒரு தடவ எல்லாத்தையும் தொட்டு பாரு, கிளம்புன கொஞ்ச தூரத்துலயே பெல்ட் கொஞ்சம் தளர்றது சகஜம். அப்புறம் குதிரான் சுரங்கம் தாண்டி எங்கயாவது சாப்பிட நிறுத்துனா நிழலா பாத்து நிறுத்து, நிழல் இல்லன்னா பெல்ட்ட தளர்த்திட்டு போய் சாப்பிடு, வந்து இறுக்கிக்கோ. சூடும் இறுக்கமும் ஒண்ணா சேர்றதுதான் அதுக்கு எமன், ஒண்ணு மட்டும்னா சமாளிச்சுக்கும். ராத்திரி தங்குனா இறக்கிடு. அலுப்பா இருக்கும், தெரியும், இருந்தாலும் இறக்கு.

இதெல்லாம் படிச்சுட்டு ஒரு பிளாஸ்டிக்குக்கு இவ்ளோ ராமாயணமான்னு கேப்ப. கேளு. அவர் போனதுக்கப்புறம் நீ எனக்கு அனுப்புன போட்டோ எல்லாம் கோயில் கோபுரம், வாழ இல, பேரன், இதுதான். நேத்து அனுப்புனதுலதான் உன் மூஞ்சி இருக்கு. அதனால அது கோணிக்கிட்டு போய் நீ வெறுத்து ஓரமா போட்டுடக்கூடாதுன்னு எனக்கு ஒரு இது, அவ்ளோதான், மேல கேக்காத.

ஆலப்புழல வேம்பநாட்டு காயல் நடுவுக்கு போகாத. 90 கிலோமீட்டருக்கு மேல நீளம், நம்ம ஊர் ஏரி இல்ல அது. மே கடைசின்னா மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும், ஜூன் பொறந்தா பருவமழையே வந்துடும், ஹவுஸ்போட் போனா அலை வேற. விடிகாலைல, உள் வாய்க்கால்ல, லைஃப் ஜாக்கெட்ட மாட்டி கொக்கிய போட்டுகிட்டு, யாராவது கூட இருக்கும்போது மட்டும் போ. ஜாக்கெட் வேர்க்குதுன்னு கழட்டி பின்னாடி வச்சுக்கறவங்கள நான் பாத்திருக்கேன். நீ அப்படி பண்ணா நான் உன்கூட பேச மாட்டேன், விளையாட்டுக்கு சொல்லல.

இன்னொண்ணு, போட்டோவ பெருசாக்கி பாத்தேன், சீட்டுக்கு அடில ஒரு பள்ளம் மாதிரி தெரியுது. நிழலான்னு தெரியல. பள்ளமா இருந்தா பயப்படாத, இதுக்கு பழைய உருவம் ஞாபகம் இருக்கும். பள்ளம் மேல வர்ற மாதிரி கவுத்து வெயில்ல ஒரு மணி நேரம் போடு, பாதி தானா வந்துடும். வரலன்னா சுடுதண்ணி ஊத்தி, கை போற அளவு பெரிய மூடி இருந்தா அது வழியா கைய விட்டு உள்ளேந்து மெல்ல தள்ளி, தள்ளுனபடியே ஈரத்துணி போட்டு ஆற விடு, ஆறுறதுக்கு முன்னாடி கைய எடுத்தா திரும்ப போயிடும். நெருப்பு, ஹீட் கன் எதுவும் வேணாம், மேல பளபளன்னு ஆச்சுன்னா தோல் உருகிடுச்சுன்னு அர்த்தம். சின்னதா ஒரு பள்ளம் மிஞ்சுனா விட்டுடு, ஓடறதுக்கு ஒண்ணும் ஆகாது. அடிப்பக்கத்து நடு முதுகு நேரா இருக்கான்னு மட்டும் ஒரு நூல் புடிச்சு பாரு.

இங்க எல்லாம் பழையபடிதான். வசந்தா பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க, ஜாதகத்துல என்னமோ சொல்லி இழுக்கறாங்க. மெஸ் அக்கா போன வாரம் போன் பண்ணாங்க, எடுத்ததும் புளியோதரைய பத்திதான் பேச்சு, இன்னும் மறக்கல. என் வீட்டுக்காரருக்கு சுகர் கூடிடுச்சு, ஆனா மைசூர்பா டப்பா எங்க இருக்குன்னு மட்டும் கரெக்டா தெரியுது.

படிக்கட்டுக்கு கீழ நீளம் எவ்ளோ இருக்குன்னு டேப் வச்சு அளந்து அனுப்பு, பத்தடிக்கு மேல இருக்கணும். இல்லன்னா வேற இடம் பாக்கலாம். முதல்ல அத இறக்கு, இறக்கிட்டு போட்டோ போடு.

உன்,
ராஜி